அத்தனாசியுஸும் அகஸ்டினும்: தெய்வமாதலா, நீதிமானாதலா?

மனிதன் கடவுளோடு எப்படி ஒன்றாகிறான்? நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த அத்தனாசியுஸுக்கு இது முதலில் சாவு பற்றிய கேள்வி. பாவத்தால் மனித இயல்பே அழிவுக்குள் சரிந்துவிட்டது. மன்னிப்பு மட்டும் போதாது, உயிரே உள்ளே வந்தாக வேண்டும். அதனால்தான், நாம் தெய்வமாகும்படி கடவுளின் வார்த்தையான கிறிஸ்து மனிதரானார் என்று எழுதினார். கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனையோடு விடாமல் மோதியதும் இதை முன்னிட்டுத்தான். தாமே கடவுள் அல்லாதவர் நம்மை எப்படித் தெய்வமாக்க முடியும்? இந்தப் பிடிவாதத்துக்கு அவர் கொடுத்த விலை, ஐந்து முறை நாடுகடத்தல்.

வட ஆப்பிரிக்காவின் ஹிப்போவில் ஆயராக இருந்த அகஸ்டினுக்கோ சிக்கல் மனித விருப்பத்தில் இருக்கிறது. மனிதன் தன் விருப்பத்தின் பலத்தாலேயே நல்லவனாக வாழ முடியும் என்ற பெலாகியுஸ் தரப்பை மறுத்து 412 வாக்கில் எழுதியபோது, பவுலின் ரோமர் நிருபம் சொல்லும் தேவநீதி பாவியை நீதிமானாக்க அவனுக்கு அணிவிக்கப்படும் நீதி என்றார். பரிசுத்த ஆவியானவர் இதயத்தில் ஊற்றும் அன்புதான் அந்த விருப்பத்தைக் குணமாக்குகிறது.

சரி, அத்தனாசியுஸின் கிழக்குத் திருச்சபை வேறு, அகஸ்டினின் மேற்குத் திருச்சபை வேறு என்று கோடு கிழித்துவிடலாமா? அது அவசரம். நீதிமானாக்குகிறவரே தெய்வமாக்குகிறார் என்று பைபிளின் சங்கீதம் ஒன்றுக்கு எழுதிய விளக்கத்தில் அகஸ்டினே சொல்கிறார். இருவருக்குமே இது கொடை. மனிதன் படைப்பாகவே இருப்பான்.

எனக்கு அத்தனாசியுஸின் பார்வை அகலமாகப் படுகிறது, அழியும் உடலையும் அது சேர்த்துக்கொள்வதால். ஆனால் தெரிந்தே தவறு செய்யும் மனதைத் துருவிப் பார்ப்பதில் அகஸ்டினை அவர் நெருங்கவில்லை.