நத்தையை உடைப்பதா, காத்திருப்பதா?

பாறைக் கரையில் பொறுக்கிய நத்தைக்குள் ஒட்டுண்ணித் தட்டைப்புழு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கடல்நீர் ஊற்றிய சின்னக் கிண்ணத்தில் நத்தையைப் போட்டு, விளக்கடியில் சில மணி நேரம் வைப்பது. தொற்று முற்றியிருந்தால் செர்கேரியா எனும் வால்முளைத்த இளம்புழுக்கள் வெளியே வரும். கிரிப்டோகோட்டைல் லிங்குவா என்ற தட்டைப்புழு இனம் என்றால் பார்க்கவே அழகு: இரண்டு கரும்புள்ளிக் கண்களோடு வெளிச்சப் பக்கமாக நீந்தித் திரளும். நத்தையும் பிழைக்கும்; அதையே மாதக்கணக்கில் கவனிக்கலாம்.

சரி, ஒன்றும் வரவில்லை என்றால்? அங்கேதான் சிக்கல். தொற்று இளசாக இருக்கலாம், நீர் குளிர்ந்திருக்கலாம். மைக்ரோஃபாலஸ் பிரிஃபார்மிஸ் புழுவோ வெளியே வருவதே இல்லை. லிட்டோரினா எனும் பாறைக்கரை நத்தைக்குள்ளேயே அடுத்த பருவத்தை எட்டி, கடற்பறவை வந்து நத்தையோடு விழுங்கட்டும் என்று கிடக்கும். வாரக்கணக்கில் விளக்குப் போட்டாலும் பயனில்லை.

மற்ற வழி, நத்தையின் ஓட்டை நொறுக்கித் திறப்பது. முற்றிய தொற்றில், இனப்பெருக்கச் சுரப்பி இருக்க வேண்டிய இடத்தைப் புழுப்பைகள் அடைத்திருக்கும். நத்தை எப்போதோ மலடாகி, புழுவைச் சுமக்கும் கூடாக மட்டும் மேய்ந்துகொண்டிருந்திருக்கும். திசுவில் ஒரு துணுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கிண்ணத்தில் தெரியாத இளந்தொற்றும் பெரும்பாலும் சிக்கிவிடும். ஆனால் நத்தை போய்விடும்.

எத்தனை சதவீதம் தொற்று என்று கணக்கெடுப்பதற்கு நான் உடைப்பதைத்தான் நம்புவேன். உயிருள்ள செர்கேரியா வேண்டுமென்றால் கிண்ணம்.