பிள்ளைக்குப் பிரஷர் பாக்கிறது: கிளினிக்கிலயோ, வீட்டிலயோ, 24 மணித்தியால மெஷினிலயோ?

என்ர மகனுக்கு 7 வயசு. பிறவியிலயே அட்ரினல் சுரப்பியில 21-ஹைட்ராக்ஸிலேஸ் எண்ட என்சைம் குறைவு, சிஏஎச் எண்டு சொல்லுவினம். உடம்பில உப்பு நிக்காது, அதால ஹைட்ரோகோட்டிசோனோட ஃப்ளூட்ரோகோட்டிசோனும் குடுக்கிறம். இந்த ரெண்டாவது குளிசை கூடினா பிரஷர் ஏறும், காணாட்டி இறங்கும், எழும்பேக்க தலை சுத்துதம்மா எண்டுவான். நம்பர் பிழைச்சா டோஸும் பிழைக்கும், அதான் எனக்குப் பயம்.

கிளினிக்கில ஸ்டெதஸ்கோப் வைச்சுப் பாக்கிறதுதான் கடைசி முடிவுக்கு நம்பலாம். ஆனா வெயிலுக்க பஸ்ஸில போய் வரிசையில இருந்த பிள்ளைக்கு அண்டைக்கு ஏறித்தான் நிக்கும். கையில சுத்துற பட்டியும் முக்கியம். ஒருக்கா ஒரு இடத்தில பெரியாக்கள்ர பட்டியைச் சுத்தினவை, தோளில இருந்து முழங்கை மட்டும் மூடிப்போச்சு, 82/46 வந்தது, நான் நடுங்கிப்போனன். சின்னப் பட்டியோட திரும்பப் பாக்க 100/62. பெரிய பட்டி குறைச்சுக் காட்டும், சின்னது கூட்டிக் காட்டும். அந்த 82ஐ நம்பி டோஸைக் கூட்டியிருந்தா? தையல் டேப்பால மேல்கையைச் சுத்தி அளவுங்கோ. அவனுக்கு 18 சென்ரிமீற்றர், அப்ப பட்டிக்குள்ள இருக்கிற காத்துப்பை 7 சென்ரிமீற்றர் அளவாவது அகலம் வேணும்.

வீட்டில மேல்கையில கட்டுற டிஜிட்டல் மெஷின், பிள்ளையளுக்கான பட்டியோட, எனக்கு இதுதான் பிடிப்பு. காலம 5 நிமிஷம் கதிரையில சாய்ஞ்சு இருத்தி, கால் எட்டாதபடியா கீழ பலகைக்கட்டை வைச்சு, கையை மேசையில நெஞ்சு மட்டத்துக்கு வைச்சு ரெண்டு தரம் பாத்து கொப்பியில எழுதுவன். நல்லூர்த் திருவிழா நேரம் வேர்த்து ஒழுகின நாளுகளையும் பக்கத்தில குறிப்பன். மணிக்கட்டில கட்டுறதை பிள்ளையளுக்கு வாங்காதேங்கோ.

24 மணித்தியால மெஷின் நித்திரையிலயும் பாக்கும். நித்திரையில பிரஷர் 10 வீதமாவது இறங்கவேணும், சிஏஎச் பிள்ளையள் சிலருக்கு அது இறங்கிறேல்ல. ஆனா அரைமணிக்கொருக்கா கையை இறுக்கினா பிள்ளை எங்க படுக்கிறது, சந்தேகம் வந்தா மட்டும் போதும். சிஏஎச்சிலயே 11-பீற்றா-ஹைட்ராக்ஸிலேஸ் எண்ட வேற என்சைம் குறையிற வகை எண்டா கதை வேற, அவைக்கு நோயாலயே பிரஷர் ஏறும்.

பெரியாக்கள்ர 120/80 கணக்கை விடுங்கோ, வயசு, உயரம், ஆணோ பெண்ணோ எண்டு பாத்துத்தான் டொக்டர் சொல்லுவார், டோஸும் அவர்தான். காய்ச்சல், வாந்தி எண்டா மெஷினைத் தேடாம, சொல்லித்தந்த மாதிரி ஹைட்ரோகோட்டிசோனைக் கூட்டுங்கோ, வாந்தியில குளிசை நிக்காட்டி ஊசிக்கு உடன ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ.