கைப்பிடி மிட்டாய் இயந்திரம்: ஓராண்டு அனுபவம்

மின்சாரம் தேவைப்படாத, நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியைத் திருப்பினால் மிட்டாய் விழுகிற, இரண்டு குடுவைகள் கொண்ட இயந்திரங்கள் ஆறினை வாங்கி, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் கடைகளிலும் குளச்சலில் ஒரு கடையிலும் வைத்து ஓராண்டு நடத்தியிருக்கிறேன். இயந்திரம் நன்றாகவே உழைக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இத்தொழிலைத் தொடங்க நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் நாணயத்தை ஏற்றுக் கைப்பிடியைத் திருப்ப விடும் நாணயப் பொறி எந்த நாணயத்துக்கு வெட்டப்பட்டது என்று கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம்.

நான் முதலில் வாங்கியது ஐந்து ரூபாய்ப் பொறி. 2011ஆம் ஆண்டு நாணய வரிசையில் ஐந்து ரூபாயின் விட்டம் 23 மில்லிமீட்டர். 2019ஆம் ஆண்டு வரிசையில் அது 25 மில்லிமீட்டர் ஆனது, இரண்டு ரூபாயோ 23 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. எனவே பழைய ஐந்துக்கு வெட்டிய பொறியில் புதிய ஐந்து நுழையாமல் குழந்தைகள் ஏமாந்து திரும்பினார்கள். முதல் மாதம் காசுப் பெட்டியைத் திறந்தபோது புதிய இரண்டு ரூபாய்கள் கைநிறையக் கிடந்தன. இரண்டு வரிசையிலும் 27 மில்லிமீட்டராகவே இருக்கும் பத்து ரூபாய்க்குப் பொறியை மாற்றிய பிறகுதான் கணக்கு நேரானது. பதினான்கு வடிவப் பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் தெளிவுபடுத்திய பின்னும் அவற்றை வாங்கத் தயங்கும் கடைகள் இங்கே உண்டு என்பதால், வீட்டில் முடங்கிக் கிடந்த நாணயங்கள் இயந்திரத்தைத் தேடி வருகின்றன. பன்னிரண்டு முனை கொண்ட இருபது ரூபாயும் 27 மில்லிமீட்டர்தான். அதைப் போட வேண்டாம் என்று முகப்பில் எழுதி ஒட்டுவது நேர்மை.

அடுத்த சிக்கல் ஈரம். குடுவையின் அடியில் சுழலும் பல்சக்கரத்தின் குழியில் மிட்டாய் விழுந்து, திருப்பும்போது வெளியே வருகிறது; குழியின் அளவைத் திருகி மாற்றலாம் என்பது இந்த இயந்திரத்தின் பெரிய நன்மை. ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் சர்க்கரை மிட்டாய் காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகி, சக்கரத்தை இறுக்கிவிடுகிறது. குளச்சலில் வைத்த இயந்திரம் ஜூன் மாதத்தில் இரண்டு முறை நின்றது, கடல் காற்றில் பூட்டும் துருப்பிடித்தது. மழைக்காலத்தில் குடுவையைக் கால்வாசிக்கு மேல் நிரப்பாமல், மூடியின் ரப்பர் வளையத்தைச் சரிபார்த்து வந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மெழுகுப் பூச்சுள்ள பபுள்கம் உருண்டைகள் ஓரளவு தாங்குகின்றன. சாக்லேட் நம் வெயிலுக்கு ஆகாது.

பத்து ரூபாயில் மிட்டாய்க்கு மூன்றும், இடம் தரும் கடைக்காரருக்கு இரண்டும் போக எனக்கு ஐந்து மிஞ்சுகிறது; பெட்ரோல் அதற்குள்தான். சபரிமலை சீசனில் கன்னியாகுமரியில் திரளும் கூட்டத்தைப் பார்த்து அங்கே ஒன்று வைக்க ஆசைப்பட்டேன். நாகர்கோவிலிலிருந்து போய்வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர், ஒரே ஓர் இயந்திரத்துக்காக அந்த ஓட்டம் கட்டாது. கூட்டத்தைவிடக் குழந்தை காத்திருக்கும் இடமே பலன் தருகிறது: முடிதிருத்தும் கடையும் தையல் கடையும் எனக்கு நன்றாக ஓடுகின்றன, இனிப்பு ஏற்கெனவே நிறைந்திருக்கும் பேக்கரியில் மிக மந்தம்.

உணவுப் பொருள் என்பதால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு அவசியம், அந்த எண்ணையும் என் கைப்பேசி எண்ணையும் ஒவ்வோர் இயந்திரத்திலும் ஒட்டியிருக்கிறேன். உருண்டை பபுள்கம் சிறு குழந்தைகளின் தொண்டையில் சிக்கக்கூடும். ஆகவே ஐந்து வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்க வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பதோடு, கடைக்காரர்களிடமும் நேரில் சொல்லி வைத்திருக்கிறேன்.

விற்பனையாளரிடம் எனக்குள்ள ஒரே குறை, உடைந்த பல்சக்கரம் ஒன்றுக்கு மாற்று அனுப்ப ஐந்து வாரம் எடுத்துக்கொண்டதுதான். வாங்கும்போதே இரண்டு சக்கரமும் ஒரு பூட்டும் உபரியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.