ஏர்ஃப்ளோ சென்சார்: கழுவினால் போதுமா, மாற்றியே ஆக வேண்டுமா?

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0101 என்ற பழுதுக் கோடு (code). "ஏர்ஃப்ளோ சென்சார் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்" என்று உடனே தீர்ப்பும் வந்துவிடும். புதுசு போட்டு, கோடை அழித்து, வண்டியை எடுத்துப் போன சில நாளில் அதே விளக்கு மறுபடி எரிவதும் சகஜம்தான். பி0101 சொல்வது ஒன்றே ஒன்று: எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவாக இந்த சென்சாரிலிருந்து வந்த எண், எஞ்சின் கம்ப்யூட்டர் எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லை. பொய் சொல்வது சென்சாரா, அல்லது காற்றே வேறு வழியில் நுழைகிறதா என்பது அந்தக் கோடுக்குத் தெரியாது. பி0102 (சிக்னல் குறைவு), பி0103 (சிக்னல் அதிகம்) இரண்டும் பெரும்பாலும் வயர், கனெக்டர், சப்ளை பக்கம் கை காட்டுபவை. அதனால் எதை வாங்குவது என்பதற்கு முன்னால், எந்தச் சோதனையை நம்புவது என்று முடிவு செய்ய வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று. எல்லா வண்டியிலும் இந்த சென்சார் இருக்காது. சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டுமே உண்டு. ஏர் ஃபில்டர் டப்பாவுக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவே குழாயில் செருகி நிற்பதுதான் ஏர்ஃப்ளோ சென்சார். த்ராட்டிலைத் தாண்டி மேனிஃபோல்டில் உட்கார்ந்திருந்தால் அது மேப். இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

கனெக்டரைப் பிடுங்கிப் பார்க்கும் வழக்கம்

ஒர்க்‌ஷாப்களில் அதிகம் நடக்கும் சோதனை இது. கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். வண்டி முன்பைவிட நன்றாக ஓடினால் சென்சார்தான் குற்றவாளி என்பது கணக்கு. செலவில்லை, இரண்டு நிமிட வேலை. ஆனால் சென்சார் இல்லாதபோது கம்ப்யூட்டர் த்ராட்டில் திறப்பையும் எஞ்சின் சுழற்சியையும் வைத்து ஓர் உத்தேச அளவை எடுத்துக்கொள்கிறது. அந்த உத்தேசம் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக விடுவதாக அமைந்தால், எங்கோ காற்று கசியும் எஞ்சின்கூட அதில் சீராக ஓடும். டீசலில் இன்னும் மோசம்: கனெக்டரைப் பிடுங்கியதும் பல வண்டிகளில் ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் வால்வு) மூடிக்கொள்ளும். பிக்கப் கூடியதற்குக் காரணம் அதுவாக இருக்கும், பழி சென்சார் மேல் விழும். போதாக்குறைக்கு பி0102 என்று புதிதாக ஒரு கோடும் பதிவாகிவிடும்.

எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஸ்க்ரூடிரைவர் பிடியால் சென்சாரை மெல்லத் தட்டி, வயரை அசைத்துப் பார்ப்பது இதைவிட உருப்படியான சோதனை. தட்டும்போது எஞ்சின் தடுமாறினால் உள்ளே தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. அதற்குக் கழுவல் மருந்தாகாது.

ஃப்யூல் ட்ரிம்: இரண்டு வேகத்தில் பார்த்தால்தான் அர்த்தம்

பெட்ரோல் வண்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான். ட்ரிம் என்பது கலவையைச் சரியாக வைக்கக் கம்ப்யூட்டர் செய்யும் பெட்ரோல் திருத்தம், சதவீதத்தில்: பிளஸ் என்றால் பெட்ரோலைக் கூட்டுகிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. லைவ் டேட்டா காட்டும் சாதாரண ஸ்கேனர் போதும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு ஷார்ட் டெர்ம் (அந்தந்த நேரத் திருத்தம்), லாங் டெர்ம் (கற்றுவைத்த திருத்தம்) இரண்டு ட்ரிம்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். முதலில் ஐடிலில், பிறகு 2500 ஆர்.பி.எம்.மில், கடைசியாக ரோட்டில் நல்ல லோடில்.

ஐடிலில் +20 சதவீதம், 2500-ல் +4 என்று இறங்கினால் அது காற்றுக் கசிவு. சென்சாரைத் தாண்டி எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐடிலில் மொத்தக் காற்றே குறைவு என்பதால் கசிவின் பங்கு பெரிதாகத் தெரியும். சுழற்சி கூடக் கூட அது கரைந்துவிடும். சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் ஹோஸை முதலில் பாருங்கள். மேல்பக்கம் முழுசாகத் தெரியும். வெடிப்பு மடிப்பின் அடியில், கண் போகாத பக்கம் இருக்கும். கையால் விரித்துப் பார்த்தால்தான் வாய் திறக்கும்.

அழுக்குப் படிந்த சென்சாரின் நடத்தை வேறு. உள்ளே காற்றை அளக்கும் சூடான கம்பி அல்லது ஃபிலிம் (மெல்லிய படலம்) மேல் அழுக்குப் போர்வை மூடும்போது, காற்று வேகமாகப் போகும் இடத்தில் அளவைக் குறைத்துச் சொல்லும். ஐடிலில் சரியாகவோ, சற்றுக் கூட்டியோகூடச் சொல்லும். எனவே ஐடிலில் ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டியோ மைனஸிலோ இருந்து, லோடு ஏற ஏற +10, +15 என்று போனால் சந்தேகம் சென்சார் மேல் திரும்ப வேண்டும்.

ஆனால் லோடில் ட்ரிம் ஏறுவதற்கு வலுவிழந்த ஃப்யூல் பம்ப்பும் காரணமாகலாம். இங்கேதான் விநாடிக்கு எத்தனை கிராம் காற்று என்ற எண் கைகொடுக்கும். சூடான எஞ்சின் ஐடிலில் தோராயமாக லிட்டருக்கு 1 கிராம் அல்லது சற்றுக் கூடுதலாகக் காட்டும். 2 லிட்டர் எஞ்சினில் 2 முதல் 3. முழு த்ராட்டிலுக்குக் கணக்கு எளிது: எஞ்சின் லிட்டரை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 120-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை லிட்டர் காற்று என்று வரும், அதை 1.18-ஆல் பெருக்கினால் கிராம். 2 லிட்டர், 6000 ஆர்.பி.எம். என்றால் 100 லிட்டர், அதாவது 118 கிராம். டர்போ இல்லாத ஆரோக்கியமான எஞ்சின் இதில் 80 சதவீதத்துக்கு மேல், 95 கிராம் அளவில் காட்ட வேண்டும். 70-ல் நின்றால் ஏதோ சரியில்லை. (ஸ்கேனரில் பதிவு போட்டுவிட்டு ஓட்டுங்கள், ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்கும் வேலை வேண்டாம்.)

அப்போது முன்பக்க ஆக்சிஜன் சென்சாரையும் சேர்த்துப் பாருங்கள். பழைய வகை சென்சாரில் முழு த்ராட்டிலில் 0.8 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கலவை செழிப்பு (பெட்ரோல் தாராளம்), அதற்குக் கீழே தொய்ந்தால் கலவை வறட்சி, அதாவது பெட்ரோல் போதவில்லை. கிராமும் குறைவு, கலவையும் வறட்சி என்றால் சென்சார் குறைத்துச் சொல்கிறது. கிராம் சரி, கலவை மட்டும் வறட்சி என்றால் பம்ப், ஃப்யூல் ஃபில்டர், இன்ஜெக்டர். கிராம் குறைவு, கலவை சரி என்றால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. எஞ்சினே மூச்சு விட முடியாமல் திணறுகிறது. ஏர் ஃபில்டரையும், அடைத்துப்போன கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும், டைமிங்கையும் தேடிப் போக வேண்டும். இந்த மூன்றாவது நிலையில் எத்தனை சென்சார் மாற்றினாலும் காசுதான் கரியாகும்.

டீசலில் ட்ரிம் கிடையாது. அங்கே ஈஜிஆர் வால்வை ஸ்கேனர் மூலம் திறந்து மூடச் சொல்லி, திறக்கும்போது காற்றின் அளவு தெளிவாக இறங்குகிறதா என்று பார்க்கலாம். கறும்புகை எதுவும் இல்லாமலே இழுவை குறைந்திருந்தால், சென்சார் குறைத்துச் சொல்லி, கம்ப்யூட்டர் டீசலை அடக்கி வாசிக்கிறதா என்று சந்தேகப்படலாம்.

மல்டிமீட்டர் எங்கே ஜெயிக்கும்

பி0102, பி0103 வந்தால் ஸ்கேனரைவிட மல்டிமீட்டர் சீக்கிரம் விடை தரும். இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப். சப்ளை வயரில் பேட்டரி வோல்ட் வருகிறதா. எஞ்சின் ஓடும்போது எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்குள் இருக்கிறதா, பிறகு சிக்னல். பாஷ் கம்பெனியின் அனலாக் (வோல்ட்டேஜாக அனுப்பும்) ஃபிலிம் வகைகள் பலவற்றில் காற்று ஓடாத நிலையில் 1 வோல்ட்டை ஒட்டி நிற்கும். 1.05-ஐத் தாண்டி நகர்ந்திருந்தால் பூஜ்யப் புள்ளியே விலகிவிட்டது. அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. வயரைக் குத்தி ஓட்டை போடாமல் கனெக்டரின் பின்பக்கமாக ஊசியை நுழையுங்கள். குத்திய இடத்தில் ஈரம் இறங்கிப் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து வேறொரு கோடாக முளைக்கும்.

ஒரு பொறி இருக்கிறது. சில சென்சார்கள் வோல்ட்டேஜாக அனுப்பாமல் துடிப்புகளாக, ஹெர்ட்ஸில் அனுப்பும். டி.சி. வோல்ட்டில் வைத்தால் மீட்டர் 2.5 வோல்ட் போல ஏதோ ஒரு சராசரியைக் காட்டி அசையாமல் நிற்கும். நல்ல சென்சாரைச் செத்ததாக முடிவு கட்டுவது இப்படித்தான். மீட்டரை ஹெர்ட்ஸுக்கு மாற்றி, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.

கழுவுதல்

கழுவுவதை நான் வைத்தியத்தைவிடச் சோதனையாகவே எடுத்துக்கொள்வேன். முன்னும் பின்னும் ட்ரிம், கிராம் இரண்டையும் குறித்துக்கொண்டு கழுவினால், அழுக்குதான் காரணமா என்று உறுதியாகத் தெரிந்துவிடும். எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டரிலிருந்து வந்த பிசின், சரியாக உட்காராத ஃபில்டரைத் தாண்டி வந்த தூசி, எஞ்சின் பிரீதர் வழியாகத் திரும்பி வந்த ஆயில் ஆவி: இவை போகும். தண்ணீர் இறங்கிய சர்க்யூட், கிழிந்த ஃபிலிம், விலகிப்போன பூஜ்யப் புள்ளி இவற்றுக்குக் கழுவல் பயன்படாது.

ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டும்தான். கார்புரேட்டர் கிளீனர் படிமம் விட்டுப் போகும், பிளாஸ்டிக்கையும் அரிக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சி, பிரஷ், கம்ப்ரசர் காற்று மூன்றும் கூடாது. உள்ளே இருப்பது தலைமுடியளவு பிளாட்டினம் கம்பி அல்லது அதைவிட மென்மையான படலம். 10 முதல் 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கம்பி அல்லது ஃபிலிம் மேல் 10 முதல் 15 முறை சிறு சிறு பீய்ச்சலாக அடித்து, பக்கத்தில் காற்றின் வெப்பநிலையை அளக்கும் முத்து போன்ற சிறு சென்சாருக்கும் இரண்டு முறை விட்டு, வழியவிட்டுத் தானாகக் காய விடுங்கள். 15 நிமிடமாவது. ஈரத்தோடு மின்சாரம் கொடுத்தால் வேலை கெட்டுவிடும். படல வகைகளைக் கழுவவே வேண்டாம் என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. அந்த வண்டியில், எப்படியும் மாற்றத்தான் போகிறோம் என்ற நிலையில் மட்டும் முயன்று பாருங்கள்.

கழுவிய சில மாதத்தில் மறுபடி அழுக்கானால் பிரீதர் வால்வையும் ஃபில்டர் டப்பாவின் சீலையும் பாருங்கள். சென்சாரை மட்டும் திரும்பத் திரும்பக் குளிப்பாட்டிப் பயனில்லை.

மாற்றுவதென்றால் எதை

வண்டிக் கம்பெனி டப்பாவில் வருவது ஒன்று. அதே சென்சாரைச் செய்து கொடுக்கும் பாஷ், டென்சோ, ஹிட்டாச்சி போன்றவர்களின் சொந்த டப்பாவில் வருவது இன்னொன்று. பெரும்பாலும் இரண்டும் ஒரே பொருள், விலை மட்டும் வேறு. பழைய சென்சாரின் உடம்பில் பொறித்த எண்ணைப் படித்து அதே எண்ணைக் கேளுங்கள். பாஷ் என்றால் பெட்ரோல் வகைகள் பெரும்பாலும் 0 280 என்றும், டீசல் வகைகள் 0 281 என்றும் தொடங்கும். என் தேர்வு, சென்சாரைச் செய்பவர்களின் சொந்த டப்பாவில் வருவதுதான். ஒரே எச்சரிக்கை: போலி டப்பாக்கள் உண்டு. பாதி விலைக்குக் கிடைக்கும் "ஒரிஜினல்" மேல் பொறித்த எழுத்து மழுங்கலாகவோ ஸ்டிக்கராகவோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

பெயர் தெரியாத நகல் ஏன் ஆபத்து? அது வேலை செய்யாமல் போவது அரிது. மாட்டியதும் ஸ்டார்ட் ஆகும், ஐடில் நிற்கும், விளக்கும் அணையும். காற்றோட்டத்துக்கும் சிக்னலுக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல, வளைவு. நகலில் ஐடில் பகுதி பொருந்தி, உயர் பகுதி விலகும். ட்ரிம் +10-ல் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும். கம்ப்யூட்டர் தாங்கும் எல்லைக்குள் இருப்பதால் கோடு வராது. மைலேஜ் குறையும், ஆட்டோ கியர் வண்டியில் கியர் மாறும் நேரம் பிசகும், டர்போ பெட்ரோலில் பூஸ்டின்போது கலவை வறண்டு எஞ்சினுக்கே கேடு வரும். கழுவிய பழைய ஒரிஜினல், புது நகலைவிடத் தேவலை.

அதே எண் கொண்ட செகண்ட் ஹேண்ட் ஒரிஜினலையும் நகலுக்கு முன்னால் வைப்பேன், பூஜ்ய வோல்ட்டை அளந்து பார்த்து வாங்கினால். உருவம் ஒன்று, கனெக்டர் ஒன்று, எண் மட்டும் வேறு என்றால் வேண்டாம்; உள்ளே வளைவு வேறாக இருக்கலாம்.

செருகும் பகுதி மட்டும் போதுமா, குழாயோடு சேர்த்தா? குழாய் நன்றாக இருந்தால் செருகும் பகுதி போதும். ஆனால் குழாயும் அளவின் பாகம்தான். உள்விட்டம் 10 சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும். அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைத்துச் சொல்லும். குழாய் வாயில் இருக்கும் தேன்கூட்டு வலையைக் "காற்றை மறிக்குது" என்று பிய்த்து எறிந்த வண்டிகளில் எந்தச் சென்சாரும் சரியாகக் காட்டாது.

மாட்டும்போது

இக்னிஷன் ஆஃப், சாவி வெளியே. கனெக்டரின் பூட்டை முதலில் விடுவித்துவிட்டு இழுங்கள், வயரைப் பிடித்து அல்ல. இரண்டு ஸ்க்ரூ இருக்கும்; பல வண்டிகளில் டி20 டார்க்ஸ், சிலவற்றில் நடுவே ஊசி நிற்கும் பாதுகாப்பு வகை, அதற்கு ஓட்டையுள்ள பிட் வேண்டும். நேராக இழுத்து எடுங்கள். பழைய ஓ-ரிங் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பார்க்காமல் புதுசைச் செருகினால் இரண்டு ஓ-ரிங் மடிந்து, நீங்களே ஒரு கசிவை உண்டாக்கியிருப்பீர்கள். அம்புக்குறி எஞ்சின் பக்கம். ஸ்க்ரூ பிளாஸ்டிக்கில் இறங்குவதால் பிடித்ததும் நிறுத்துங்கள். மரை போனால் குழாயையே மாற்ற வேண்டும்.

பிறகு கோடையும் பழைய ட்ரிம் கற்றலையும் ஸ்கேனரில் அழியுங்கள். அழிக்காவிட்டால், பழைய சென்சாரின் பொய்க்கு ஏற்றபடி கற்றுக்கொண்ட திருத்தத்தைப் புது சென்சார் மேல் போட்டு, சில நாள் வண்டி முன்பைவிட மோசமாக ஓடும். அழித்தால் புகைப் பரிசோதனைக்கான சுயசோதனை நிலைகளும் பூஜ்யமாகிவிடும் என்பதால், பரிசோதனைக்கு முந்தைய நாள் இந்த வேலை வேண்டாம். நெரிசலிலும் திறந்த ரோட்டிலுமாகக் கொஞ்சம் ஓட்டிவிட்டு அதே மூன்று இடங்களில் ட்ரிம்மைப் பாருங்கள். ±5-க்குள் வந்தால் சரி. ஐடிலில் மட்டும் இன்னும் +10-க்கு மேல் நின்றால், ஹோஸ் கிளாம்ப்பிலிருந்து தொடங்கி இன்டேக்கில் புகை விட்டுக் கசிவைத் தேடுங்கள்.