காதைப் பழக்கும் பாடங்கள்: அமெரிக்கப் படைத்துறை மொழிப் பள்ளியின் இலவச ‘குளோஸ்’ சேவை – ஒரு மதிப்புரை

ஒரு வேற்று மொழியை ஓரளவு வாசிக்கத் தெரிந்தும், அம்மொழியினர் வானொலியில் தம் இயல்பான வேகத்தில் பேசும்போது எதுவும் பிடிபடாமல் திகைப்பவர்கள் பலர். அவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ‘குளோபல் லாங்குவேஜ் ஆன்லைன் சப்போர்ட் சிஸ்டம்’ என்னும் இணையப் பாடத் தொகுப்பையே. பயன்படுத்துவோர் அதைச் சுருக்கமாகக் ‘குளோஸ்’ என்பார்கள். கலிபோர்னியாவின் மான்டரே நகரில் ‘பிரெசிடியோ’ படை வளாகத்தில் இயங்கும் டிஃபென்ஸ் லாங்குவேஜ் இன்ஸ்டிடியூட், அதாவது டி.எல்.ஐ., தன் மாணவர்களுக்காகவும் பழைய மாணவர்களுக்காகவும் இதை உருவாக்கிப் பொதுமக்களுக்கும் திறந்து வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை. அரபு, சீனம், கொரியம், பாரசீகம், பஷ்தோ, ரஷ்யம், உருது, இந்தி, ஸ்பானியம் எனப் பல மொழிகளில் ஆயிரக்கணக்கான பாடங்கள் உள்ளன. நான் பயன்படுத்துவது ரஷ்யப் பாடங்களை; ஆகவே இந்த மதிப்புரை அவற்றையே அடிப்படையாகக் கொண்டது.

இந்தச் சேவையின் நிறைகளும் குறைகளும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன. பயணிகளுக்காகவோ வணிகர்களுக்காகவோ இதை எழுதவில்லை. பிறர் பேசுவதைக் கேட்டு, கேட்டதைப் பிழையின்றி இன்னொருவருக்குச் சொல்ல வேண்டிய பணியில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பணியைப் பற்றிச் சிறிது அறிந்துகொண்டால் பாடங்கள் ஏன் இவ்வாறு அமைந்துள்ளன என்பது விளங்கும்.

அப்பணிகளுள் மிகக் கடினமானது விமானத்தில் அமர்ந்து செய்யப்படுவது. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஆஃபட் விமானப்படைத் தளத்திலிருந்து இயங்கும் ஆர்.சி.-135 ‘ரிவெட் ஜாயின்ட்’ உளவு விமானத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் பறக்க இடமுண்டு. விமானிகளும் வழிகாட்டிகளும் முன்னால் இருக்க, பின்பகுதியில் வரிசையாக அமைந்த கருவிகளின் முன் காதொலிப்பான் அணிந்து மொழி வல்லுநர்கள் அமர்ந்திருப்பார்கள். வேற்று நாட்டு வானொலி உரையாடல்களைத் தேடிப் பிடித்து, யார் யாரிடம் என்ன சொல்கிறார் என்பதை உடனுக்குடன் புரிந்துகொண்டு, தம் விமானத்துக்கோ அருகில் பறக்கும் பிற விமானங்களுக்கோ ஆபத்து இருந்தால் எச்சரிப்பது அவர்கள் கடமை. பதிவைப் பிறகு மீண்டும் கேட்டு ஆராயலாம். ஆனால் எச்சரிக்கையைப் பிறகு கொடுக்க முடியாது. வானொலி இரைச்சலுக்கு நடுவே, பாதியில் அறுந்துபோகும் வாக்கியங்களில், எண்களையும் வினைச்சொற்களையும் மட்டுமாவது தவறவிடாமல் பிடிக்கும் காது அவர்களுக்கு வேண்டும்.

இதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை 1958 செப்டம்பர் 2 அன்று நடந்தது காட்டுகிறது. துருக்கியிலிருந்து புறப்பட்ட அமெரிக்க விமானப்படையின் சி-130 உளவு விமானம் ஒன்று சோவியத் ஆர்மீனியாவின் வான்வெளிக்குள் நுழைந்தபோது மிக்-17 போர்விமானங்களால் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 17 பேரும் இறந்தார்கள். அவர்களுள் 11 பேர் பின்பகுதியில் இருந்த உளவுப் பணியாளர்கள். ஆறு உடல்களை ஒப்படைத்த சோவியத் அரசு, விமானத்தைச் சுட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தாக்குதலின்போது சோவியத் விமானிகள் தங்களுக்குள் ரஷ்ய மொழியில் பேசியதை அமெரிக்கத் தரப்பு ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்திருந்தது. 1959 பிப்ரவரியில் அந்த உரையாடலின் எழுத்து வடிவத்தை வாஷிங்டன் வெளியிட்டது. கேட்டு எழுதியவர்களின் காதும் கையும் இல்லாதிருந்தால் அந்தப் பதினேழு குடும்பங்களுக்கும் உலகத்துக்கும் அன்று ஒரு சான்றும் கிடைத்திராது. ஒட்டுக்கேட்டல் என்பதை அரசியல் காரணங்களுக்காக விரும்பாதவர்கள்கூட, ஒரு மொழியை இந்த அளவுக்குத் துல்லியமாகக் கேட்பது எத்தகைய உழைப்பு என்பதை மதிக்காமல் இருக்க முடியாது என்று கருதுகிறேன்.

அந்த உழைப்பு எங்கிருந்து தொடங்குகிறது? படையில் மொழிப் பணியில் சேர விரும்புபவர் டி.எல்.ஏ.பி. என்னும் மொழித்திறன் தேர்வை எழுதுகிறார். இல்லாத ஒரு மொழியைத் தேர்வுக்கென்றே புனைந்து, அதன் இலக்கண விதிகளைக் காதால் கேட்டுக் கிரகித்துப் பயன்படுத்தச் சொல்வார்கள்; எனவே முன்கூட்டி மனப்பாடம் செய்து வருவது உதவாது. தேறியவர்கள் அடிப்படைப் படைப்பயிற்சிக்குப் பின் மான்டரேக்கு வருகிறார்கள். ஸ்பானியத்துக்கு 36 வாரங்கள், ரஷ்யத்துக்கு 48 வாரங்கள், அரபு, சீனம், கொரியம் போன்றவற்றுக்கு 64 வாரங்கள். நாள் முழுதும் வகுப்பு, மாலையில் வீட்டுப்பாடம். எந்த மொழி என்பதைப் பெரும்பாலும் படையின் தேவைதான் முடிவு செய்கிறது. அதன் பிறகு டெக்சஸின் குட்ஃபெலோ தளத்தில் உளவுப் பணிக்கான தொழிற்பயிற்சி, வாஷிங்டன் மாநிலத்தின் ஃபேர்சைல்டு தளத்தில் காட்டிலும் பகைவர் பிடியிலும் உயிர்காத்துக்கொள்ளும் பயிற்சி, இறுதியாக விமானத்திலேயே பயிற்சி. மிக உயர்ந்த இரகசியப் பாதுகாப்பு அனுமதி தேவைப்படுவதால் அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம்; ஆனால் வெளிநாட்டில் உள்ள உறவினர் விவரங்கள் வரை ஆராயப்படும் என்பதைப் பெற்றோர் முன்பே அறிந்திருப்பது நல்லது.

பள்ளியின் தொடக்கத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. 1941 நவம்பர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவில், கிரிஸி ஃபீல்டு என்னும் பழைய விமானத்திடலின் கொட்டகை ஒன்றில், ஜப்பானிய மொழி கற்பிக்க இது இரகசியமாகத் தொடங்கப்பட்டது. மாணவர்களில் ஏறக்குறைய அனைவரும் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினரை அரசு முகாம்களுக்கு அனுப்பியபோது பள்ளியும் அங்கே நீடிக்க முடியாமல் 1942இல் மின்னசோட்டாவுக்கு இடம்பெயர்ந்தது. தம் குடும்பத்தார் முள்வேலிக்குள் இருக்க, அதே அரசுக்காக மொழிபெயர்த்த இளைஞர்கள் அதில் உண்டு. மான்டரேக்கு அது வந்தது 1946இல். இன்று நாம் காசு கொடுக்காமல் திறக்கும் பாடங்களுக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

இனி பாடங்களுக்கு வருவோம். முதலில் மொழியையும், அடுத்து கேட்டலா வாசிப்பா என்பதையும், பிறகு நிலையையும் பொருளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்க அரசு அலுவலகங்கள் பயன்படுத்தும் ஐ.எல்.ஆர். அளவுகோல், சுழியத்திலிருந்து 5 வரை, இடையிடையே கூட்டல் குறியிட்ட நிலைகளோடு அமைந்தது. பாடங்களும் அதன்படியே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. எளிய அறிவிப்பு முதல் நிலை. செய்தி அறிக்கையின் உண்மைத் தகவல்கள் இரண்டாம் நிலை. கருத்தையும் வாதத்தையும் சொல்லாமல் சொன்னதையும் பிடிப்பது மூன்றாம் நிலை. பொருள்களில் பண்பாடு, பொருளாதாரம், புவியியல், அரசியல், அறிவியல், படைத்துறை, பாதுகாப்பு ஆகியவை அடங்கும்.

பாடத்தின் மையத்தில் இருப்பது அந்த மொழியினர் தமக்குள் பேசுவது போன்ற உண்மையான பேச்சு. கற்பவருக்காக மெதுவாக்கிப் பேசிய செயற்கை உரையாடலை உயர் நிலைகளில் காண்பது அரிது. அந்த ஒலிப்பதிவைச் சுற்றிச் சில பயிற்சிகள் வரும். பெரும்பாலும் முதலாவது, வரவிருக்கும் சொற்களை அறிமுகம் செய்யும். அடுத்தது பேச்சு எதைப் பற்றியது என்று மட்டும் கேட்கும். அதற்கடுத்தவை யார், எங்கே, எத்தனை, எப்போது என்று நெருங்கும். பின்னர் எழுத்து வடிவத்தில் விடுபட்ட சொற்களைக் கேட்டு நிரப்ப வேண்டும். என்னை மிகவும் கவர்ந்தது விடைகளுக்குத் தரப்படும் விளக்கம். தவறான விடையைத் தேர்ந்தால் அது ஏன் தவறு, ஒலிப்பதிவின் எந்தப் பகுதி நம்மை அங்கே இழுத்துச் சென்றது என்று ஓர் ஆசிரியரின் பொறுமையோடு சொல்கிறார்கள். மூல ஒலிப்பதிவும் அதன் எழுத்து வடிவமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் தனியே கிடைக்கின்றன. பெரும்பாலான கைபேசிச் செயலிகள் சரியான விடைக்கு மணியடித்து மகிழ்வித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகின்றன. இங்கே பிழைதான் பாடமாகிறது.

ரஷ்யத்தில் இதன் பயனை நன்றாக உணரலாம். அழுத்தம் விழாத ‘ஓ’ அங்கே ‘அ’வாகத் தேய்கிறது, சொல்லின் இறுதியில் உள்ள ஒலிப்புடைய மெய் (b, d, g போலக் குரல்நாண் அதிர ஒலிப்பது) ஒலிப்பை இழக்கிறது. எண்களோ வேற்றுமை ஏற்று உருமாறுவதோடு, விரைவாகப் பேசும்போது நடுவில் சுருங்கிவிடுகின்றன. ‘பித்திசியாத்’ என்று புத்தகத்தில் கற்ற ஐம்பது, வாயில் ‘பீசியாத்’ ஆகிறது; அறுபதும் அதே போலச் சுருங்க, இரண்டையும் பிரித்துக் காட்டுவது முதல் மெய்யெழுத்து மட்டுமே. உயரத்தையும் நேரத்தையும் அலைவரிசையையும் எண்களாகவே கேட்க வேண்டிய ஒரு பணிக்கு இது எத்தனை முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அளவுக்கு அவசரம் இல்லாத நமக்கும், ரயில் நிலைய அறிவிப்பிலும் விலை பேசும் இடத்திலும் இதே காதுதான் தேவைப்படுகிறது.

தமிழ்க் காதுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் எழுத்தில் க, ச, ட, த, ப ஆகியவற்றுக்கு ஒலிப்புடைய இணை எழுத்துகள் இல்லை. இடத்தைப் பார்த்து ஒலியை மாற்றிக்கொள்கிறோம். ரஷ்யத்தில் அந்த வேறுபாடு பொருளையே மாற்றும், அதுவும் சொல்லின் முதலெழுத்திலேயே. வாசிப்பை மட்டும் நம்பிக் கற்ற தமிழர்கள் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். மறுபுறம், ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் கேட்டு வளர்ந்தவர்கள் ரஷ்யத்தின் வன்மெய், மென்மெய் வேறுபாட்டை (நடுநாக்கை அண்ணத்தை நோக்கி உயர்த்தாமல் ஒலிப்பது வன்மெய், உயர்த்தி ஒலிப்பது மென்மெய்) சற்று விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது என் கணிப்பு. எப்படியாயினும், கேட்டு நிரப்பும் பயிற்சிகளைத் தவிர்க்காமல் செய்வது நமக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது வாயைப் பழக்காது. நீங்கள் ஒரு வாக்கியத்தைச் சொல்லி அதைத் திருத்தும் வாய்ப்பு இதில் இல்லை. ஒரு மொழியில் நண்பர்களைப் பெற விரும்புபவருக்கு இது பாதிக் கல்வியே. அதற்கு மனிதர்கள் வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு ஆழ்வார்பேட்டையில் உள்ள ரஷ்யப் பண்பாட்டு மையத்தின் வகுப்புகள் போன்றவை இந்த இடத்தை நிரப்பும். எழுத்தே தெரியாதவர்கள் நேராகக் குளோஸுக்குள் நுழைவதிலும் பயனில்லை, அவர்களுக்காக டி.எல்.ஐ. ‘ஹெட்ஸ்டார்ட்’ என்று ஒரு தொடக்கநிலைத் தொகுப்பை வைத்திருக்கிறது. எழுத்தும் ஒலியும் அதில் நன்றாகக் கற்பிக்கப்பட்டாலும், சொற்றொடர்களில் படைவீரரின் தேவைகளே மிகுதி. குளோஸ் பாடங்களிலும் பல, பழைய செய்திகளைக் கொண்டவை. மொழி பழையதாகிவிடவில்லை என்பதால் எனக்கு இது பெரிய தடையாகத் தெரியவில்லை. இன்றைய நிகழ்வுகளை அறிய விரும்புபவர்கள் வேறிடம் செல்ல வேண்டும்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது விளக்கங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருப்பது. அமெரிக்கப் பள்ளி அமெரிக்கர்களுக்காகச் செய்ததில் குறை காண இயலாது. ஆனால் தமிழ்வழியில் படித்து, ரஷ்யமோ ஜெர்மனோ ஜப்பானியமோ கற்க முயலும் ஒரு மாணவிக்கு, நுணுக்கமான விடை விளக்கங்கள் ஆங்கிலத்தின் வழியாகவே வந்து சேர்வது இரட்டைச் சுமை. நம் பல்கலைக்கழகங்களின் அயல்மொழித் துறைகள் இத்தகைய பாடங்கள் நூற்றைத் தமிழ் விளக்கத்தோடு செய்துவிட்டால்கூட, அது ஒரு தலைமுறைக்குச் செய்த உதவியாக இருக்கும். இதற்குப் பெரும் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. நல்ல ஒலிப்பதிவும், மாணவர் எங்கே இடறுவார் என்று அறிந்த ஆசிரியர்களும் போதும்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், அடிப்படை இலக்கணத்தை முடித்து, அகராதியோடு ஒரு செய்தியை வாசிக்கக்கூடியவர்களுக்கும், மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர்களுக்கும், படைத்துறையிலோ செய்தித்துறையிலோ மொழிப் பணிக்குத் தயாராகும் இளைஞர்களுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். தொடங்கும்போது, வாசிப்பில் உங்களுக்கு எளிதாக உள்ள நிலையிலிருந்து ஒரு படி கீழிறங்கிக் கேட்டல் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். பயிற்சிகளைத் திறக்கும் முன் மூல ஒலிப்பதிவை மட்டும் தனியே கேட்டு, பிடிபட்ட பெயர்களையும் எண்களையும் வினைச்சொற்களையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து வடிவத்தைப் பயிற்சிகள் அனைத்தும் முடியும்வரை திறக்காமல் வைத்திருந்து, கடைசியில் உங்கள் தாளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். மொழிபெயர்ப்பைப் பார்ப்பது அதற்கும் பின்னால் இருக்கட்டும்.