மால்டாவா, கிரீட்டா?

ஐந்து நாள்தான் லீவு என்றால் யோசிக்கவே வேண்டாம், மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாதான். மொத்த நாடே 316 சதுர கிலோமீட்டர்தான். தலைநகர் வலெட்டாவில் தங்கி பஸ்ஸிலேயே சுற்றிவிடலாம். ஆங்கிலமும் ஆட்சிமொழி. அங்கே புனித யோவான் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608இல் வரைந்த ஓவியத்தை நின்று நிதானமாகப் பாருங்கள். படத்தில் தலை வெட்டப்படும் திருமுழுக்கு யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே கையெழுத்திட்டிருக்கிறார்! மணல் கடற்கரைதான் குறைவு.

பத்து நாள் கிடைத்தால் என் ஓட்டு கிரேக்கத் தீவான கிரீட்டுக்கே. சுமார் 260 கிலோமீட்டர் நீளம், கார் இல்லாமல் பாதித் தீவு கைநழுவிவிடும். பழங்கால க்னோசோஸ் அரண்மனை, எலஃபோனிசி கடற்கரையின் இளஞ்சிவப்பு மணல் எல்லாம் இருந்தாலும், சமாரியா பள்ளத்தாக்குக்காகவே போகலாம். சுமார் 16 கிலோமீட்டர் நடை, முடிவில் லிபியக் கடல். நடை முடியும் கடலோர ஊருக்குச் சாலை கிடையாது. அங்கிருந்து கிளம்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டுவையுங்கள்.