எம்ஜிபி இன்ஜின் இறுகிவிட்டதா: ஊறவைப்பதா, ஹெட்டைக் கழற்றுவதா?

ஈரமான கொட்டகையில் வருடக்கணக்கில் நின்ற எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) என்றால், அந்த 1798 சிசி வார்ப்பிரும்பு இன்ஜினில் பெரும்பாலும் பிஸ்டன் ரிங்குகள்தான் சிலிண்டர் சுவரோடு துருவேறி ஒட்டியிருக்கும். முதலில் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பாருங்கள், அதன் பல்சக்கரம் சிக்கியிருந்தாலும் இன்ஜின் சுற்றாது. அது காரணமில்லை என்றால் வழி இரண்டு: சிலிண்டருக்குள் ஆயில் கலவை ஊற்றி ஊறவைப்பது, இல்லை சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றுவது.

செலவு: ஊறவைக்க ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி போதும். ஹெட்டைக் கழற்றினால் புது கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) கட்டாயம்.

நேரம்: ஊறவைத்தால் நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு, ஸ்பார்க் பிளக் துளை வழியே ஊற்றிவிட்டு, அப்புறம் நாலாவது கியரில் வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்ட வேண்டும், முரட்டுத்தனம் காட்டினால் ரிங் உடையும். ஹெட்டுக்கு ஒரு நாள்.

நம்பகம்: ஊறவைத்துச் சுற்றினாலும் உள்ளே துருக்குழி எவ்வளவு என்று தெரியாது. ஹெட் கழன்று வந்துவிட்டால் கண்ணாலேயே பார்க்கலாம், எனக்கு இதுதான் பெரிசு.

ஓரிரு வருடம் நின்ற வண்டியை ஊறவையுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் நேராக ஹெட்டைக் கழற்றுங்கள்.